கண் வளர்தல்

உயரம் பதினாறு வயதிலேயே நின்றுவிட்டது.
செருப்பு அளவும் மாறவில்லை.
இருபத்திரண்டில் இன்னும் வளர்வது
கண் மட்டுந்தான் என்று
திரையைத் திருப்பிக் காட்டினார் பரிசோதகர்.
முன்னிருந்து பின்வரை
இருபத்தாறு புள்ளி ஒன்று நான்கு மில்லிமீட்டர்.

யுன்-ஷிக்குச் சிரிப்பு வந்தது.
ஆய்வகத்தில் அவள் வரைகிற சில்லுகளுக்கு
ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு மாவட்டம்.
இருந்தாலும் கையெழுத்துப் போட்டாள்.

இருநூறு பேர்.
பாதிப் பேருக்கு வளையங்கள் பொதிந்த லென்ஸ்,
கண் நீள்வதைத் தாமதிக்கலாம் என்ற நம்பிக்கையில்.
மீதிப் பேருக்குச் சாதா.
யாருக்கு எது என்பது
கொடுப்பவருக்கும் தெரியாது
அளப்பவருக்கும் தெரியாது.
பெட்டியில் ஒரு எண் மட்டும்.
அவள் எழுபத்துமூன்று.
அறைத்தோழி ஜிங்-ரூ நூற்றுப் பதினெட்டு.

முதல் வாரம்
ஒரு லென்ஸ் குழாய்த் துளையோடு போனது.
இன்னொன்று உள்வெளியாகத் திரும்பி
நாளெல்லாம் உறுத்தியது.
விரல் நுனியில் அது நின்றால்
விழ மறந்த நீர்த்துளி.

மூன்றாம் இரவு, பாலத்தில்,
எதிர்வந்த ஒவ்வொரு ஸ்கூட்டர் விளக்கையும் சுற்றி
மெல்லியதாய் ஒரு வளையம்.

அடித்தது யோகம்.

யாரிடமும் சொல்லவில்லை.
மறுநாள் காலை, கேட்காமலே
ஜிங்-ரூ சொன்னாள்:
'எனக்கு எல்லாம் பளிச்சென்று தெரியுது.
வெறும் லென்ஸ்தான் போல. போகட்டும்.'

அன்றிலிருந்து ஜிங்-ரூவின் முறை வரும் நாளிலும்
பாத்திரம் கழுவியது யுன்-ஷிதான்.
காரணம் கேட்டால்
சுடுதண்ணீர் பிடிக்கும் என்பாள்.

சின்ச்சுவில் காற்றுக்கு விடுமுறையில்லை.
மலையடிவாரத்தில் தட்டுத் தட்டாய்
பெர்சிமன் பழங்களைக் காயவைக்கிற காற்று
அவள் கண்ணிலும் புகுந்து
அதே வேலையைப் பார்த்தது.
சொட்டு மருந்தைப் பாதி நாள் மறந்தாள்.
தேர்வு, ஆய்வறிக்கை, மீண்டும் தேர்வு.
இரவு இரண்டுக்கு மேல்தான் கண்வளர்வாள்,
கண்ணோ
அதற்கு முன்பிருந்தே வளர்ந்துகொண்டிருந்தது,
யாரையும் கேட்காமல்.

இரண்டு வருடம் கழித்து உறை பிரிந்தது.
எழுபத்துமூன்று: சாதா.
நூற்றுப் பதினெட்டு: வளையம்.

நீண்டது எவ்வளவு?
யுன்-ஷிக்கு நூறில் ஒன்பது பங்கு.
ஜிங்-ரூவுக்குப் பதினொன்று.

'அப்போ இது வேலை செய்யலையா?'
'இரண்டு பேரை வைத்துச் சொல்ல முடியாது.
இருநூறையும் கூட்டிப் பார்க்கணும்.'
கண்ணே ஆனாலும்
தனியாய் நின்றால் சாட்சி செல்லாது.

'நான் பார்த்த வளையம்?'
'லென்ஸ் காய்ந்திருக்கும்' என்றார் பரிசோதகர்,
அடுத்த எண்ணைக் கூப்பிட்டபடி.

திரும்புகையில் மழை இல்லை.
பாலத்தில் வண்டியை ஓரங்கட்டினாள்.
சொட்டு மருந்து விட்டு, இமை மூடி,
இருபதுவரை எண்ணித் திறந்தாள்.

வளையம் இருந்தது.

வெகுநேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.
தொட்டியில் இரண்டு கிண்ணம், ஒரு வாணலி.

'ஜிங்-ரூ,
இன்று உன் முறை.'