மீன்கண்

எச்.டி.எல் நான்கு.
கருவிதான் பிசகியதென்று
திரும்பவும் ஓட்டினேன்.
நான்கு.

சுழற்றி எடுத்த குழாயில்
மேலே தெளிந்து நிற்கவேண்டிய மஞ்சள்
அரிசி கழுவின தண்ணிபோலக் கலங்கி நின்றது.
துண்டில்: செ. கிளறன்ஸ், நாற்பத்தொன்று, குருநகர்.
தொழில்: மீன் கூறுதல்.

இரத்தத்தில் ஒரு நொதியம் இருக்கிறது.
லெசித்தினில் ஒரு கொழுப்பமிலத்தைக் கழற்றி
கொலஸ்ட்ரோலில் கட்டிவிடும், வேறு வேலையில்லை அதற்கு.
கட்டியதும் கொலஸ்ட்ரோல் தண்ணீருக்குக் கூசி
உள்ளே போய் ஒளியும்.
ஒளிய ஒளிய
அப்பளமாய்க் கிடந்த துணிக்கை
இலந்தைப்பழமாய் உருளும்,
உருண்டு ஈரலுக்குப் போகும்.

கிளறன்ஸில் அது கட்டுவதில்லை.
தட்டை தட்டையாகவே கரைந்துபோகிறது.
கட்டுப்படாத மிச்சம் அலைந்து அலைந்து
கருவிழியில் ஒதுங்குகிறது, சாம்பல் புகாராய்.

தாயும் தகப்பனும் ஒரே ஒழுங்கை,
மச்சான் மச்சாள்.
ஆளுக்கொரு பிழையெழுத்து
ஆளுக்கொரு சரியெழுத்து.
இருவருக்கும் கண் பளிங்கு.
இரண்டு பிழையும் இவருக்கு.

டொக்டர் ஆங்கிலத்தில் எழுதிய பெயரை
வெளியே வந்து என்னிடம் நீட்டினார்:
“என்ன எழுதிக்கிடக்கு, தங்கச்சி?”
நான் வரிசையைப் பார்த்தேன்,
மின்விசிறியைப் பார்த்தேன்.
தமிழில் இரண்டே சொல்.
“மீன்கண் நோய்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை.
பேந்து கேட்டார்:
“எத்தினை மணித்தியாலத்து மீன்?”

“நானெண்டா இந்தக் கண்ணைக் கண்டு
கூடைக்கு ஐந்நூறு குறைச்சிருப்பன்,”
சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.
இருதயத்துக்கு ஆபத்தோ என்றார்.
உலகத்திலேயே உங்களைப்போல் கொஞ்சப்பேர்தான்,
புத்தகத்துக்கே நிச்சயமில்லை என்றேன்.
அது ஆறுதலா என்ன,
தலையாட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை, குருநகர்ச் சந்தை.
கூடையின் முன் குந்தியிருந்தார்.
பெருவிரலைச் செவுளுக்குள் விட்டு
மோந்து பார்த்து
வயிற்றை ஒருதரம் அமத்தி
விலையைக் கூவினார்.
ஒருவரும் எதிர்க்கவில்லை.
கண்ணை அவர் பார்க்கவேயில்லை, எந்த மீனிலும்.

நான் அரைக்கிலோ விளைமீன் வாங்கினேன்.
என்னைத் தெரிந்ததாகக் காட்டவில்லை;
புகாருக்குள் தெரிந்ததோ என்னவோ.

குழம்பு கொதித்தபோது
தலைத்துண்டில் அந்தக் கண்
வெள்ளையாய்த் திரண்டு உருண்டது.
எல்லா மீனுக்கும் உள்ளதுதான்.
அகப்பையால் புரட்டி
மறுபக்கம் திருப்பி வைத்தேன்.