நான்காவது பண்ணை

விதிக்கோப்பைத் திறந்து படித்துவிட்டேன்.
எழுதியவன் யாரோ,
ஓரிடத்தில் மட்டும் 'இதைத் தொடாதே' என்று
தனக்கே குறிப்பு வைத்திருக்கிறான்.

சீர்திருத்தம் வர இவ்வளவுதான் வேண்டும்:
ஐந்து போர் வென்று, இருமுறை கான்சலாய் இருந்து,
இன்னும் சாகாத ஒரு தளபதி.
உரிய ஆண்டைத் தாண்டிய ஒரு கோடை.
இத்தாலிக்குள் நான்கு பெரும்பண்ணைகள்.

வெற்றிகள் என்னிடம் கொட்டிக் கிடந்தன.
பண்ணைதான் ஒன்றுகூட இல்லை.
நூற்றைம்பது ஆண்டுகளாக
நிலத்தைக் காணி காணியாய்ப் பிரித்தே கொடுத்து வந்தேன்.
கேணி, சந்தை, கல் பாவிய சாலை,
மெல்ல ஏறும் ஒரு பச்சைக் கோடு.
என்னை நல்லவன் என்று நினைத்திருந்தேன்.

ஸ்பூரியஸுக்கு வயது அறுபத்தொன்று.
போன குளிர்காலத்தில் அவன் பெயருக்குக் கீழே
'இருமல்' என்று புதிதாய் ஒரு வரி.
அவன் போனால் இன்னொருவனை வளர்க்க
முப்பது ஆண்டு.
'இடி' என்கிறான் ஒரோன்ட்சோ காதுக்குள்,
மன்ஃப்ரெதோனியா துறைமுகத்தில் இரவுப் பணி அவனுக்கு,
பின்னால் கிரேன் முனகுகிறது.
'வேறு வழியே இல்லை. நானும் அதைத்தான் செய்தேன்.'

சிறுகாணிகளை இடிக்கவா?
விளையாட்டு மரியாதையாய்க் கேட்கிறது.
கட்டிய செலவில் பாதி திரும்பக் கிடைக்கும்.

இடித்தேன். காப்புவாவில், அர்ப்பியில்,
வடக்கே அரேட்டியத்தில்.
நான்காவதற்கு முன் மணி ஒன்றரை,
எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

பகலில் நான் லூச்சேராவில்
ஒரு நோட்டரியிடம் எழுத்தர்.
இன்று காலை அசுந்தா பெட்ரோக்கா வந்திருந்தாள்:
இரண்டே கால் ஹெக்டேர், அறுபது ஆலிவ் மரம், ஒரு கொட்டகை.
வாங்கியது ஒரு கம்பெனி.
கம்பெனிக்கு முகம் கிடையாது, பதினோரு இலக்க எண் உண்டு.
பேனா எழுதவில்லை என்று உதறினாள்,
மை என் சட்டையில் தெறித்தது.
கையெழுத்துப் போட்டபின் கேட்டாள்,
இந்த வருஷக் காயை யார் பறிப்பது?
அது பத்திரத்தில் இல்லை.

வந்து உட்கார்ந்து நான்காவதையும் இடித்தேன்.

ஆறு முறை கழித்து, முரசொலி.
திரை நிறைய ஒரு பழுப்புச் சுருள்:
'இனி நிலமில்லாதவனும் படையில் சேரலாம்.
ஆயுதம் அரசு தரும்.'
ஒரோன்ட்சோ கத்தினான், கைதட்டினான்.
நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நிலமில்லாதவன்.
போன மாதம்வரை
அப்படி ஒருவன் என் நாட்டில் இல்லை.

புதியவர்கள் அழகாயிருக்கிறார்கள்.
ஒரே கேடயம், ஒரே தலைக்கவசம்,
ஒரே முகம்.
முன்வரிசைப் பையன்கள், நடுவில் குடும்பஸ்தர்கள்,
கடைசியில் முழங்காலூன்றி வேல் சாய்த்துக்
காத்திருக்கும் நரைத்தவர்கள் என்ற
பழைய மூன்று வரிசையும் பட்டியலிலிருந்து போயிற்று.

ஸ்பூரியஸ் அடுத்த குளிரிலேயே இறந்தான்.
அவனால் ஆக வேண்டியது ஆகியிருந்தது.

நரைத்தவர்களில் ஒரு படை மிச்சம்.
நூற்றறுபதில் பதினேழு பேர்,
கொடியில் மூன்று பொன் பட்டை.
செத்தவர் இடத்தை நிரப்ப ஆள் எடுக்க
இனி எந்தப் பாசறையிலும் முடியாது.
பகைவன் ஊரைக் குறிவைத்து அனுப்பியிருக்கலாம்,
ஒரு மதிலேறலுக்கு ஆகியிருப்பார்கள்.
இந்த வரைபடத்தில் நடுகல் நடவும் வழியில்லை.

கலைத்துவிடு, வீண் சம்பளம் என்கிறான் ஒரோன்ட்சோ.

வரைபடத்தில் என் ஊர் கிடையாது.
இருந்திருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் மஞ்சள்,
கோதுமை போலிருக்கும்,
படம் போட்டவன் தூவிவிட்டுப் போனது.
பதினேழு பேரையும் அங்கே நடத்திக் கொண்டுபோய்
நிறுத்தியிருக்கிறேன்.
நிற்கிறார்கள். இடையிடையே ஒருவன்
தோள் மாற்றி வேலை வைத்துக்கொள்கிறான்.

சட்டையில் மை போகவில்லை.
எலுமிச்சை தேய்த்துப் பார்த்தாயிற்று.