விடைக்கான கட்டம்

சனிக்கிழமை. லிந்துலைக்கு மேலே
பனி ஜன்னலில் ஒட்டிக்கிடக்க
ஏழு ஆசிரியர், ஒரு செயற்றிட்டம்.

"நீர் வட்டம்: ரெஜிபோம், பிரிஸ்டல் போட், நீலச் சாயம்"
என்று அழகாக எழுதியிருந்தேன்.
ஆலோசகர் புனிதமலர் கேட்டார்:
"கண்காட்சி முடிஞ்சதும் இது எங்க போகும்?"

அலுமாரிக்கு மேலே
போன வருட எரிமலை
தூசு கக்கிக்கொண்டிருந்தது.

ஆரோக்கியம் சேர் தொண்டையைச் செருமினார்:
"பத்தாம் நம்பர் லயத்துப் பீலியில
மழையில்லாத நாளும் தண்ணி கலங்கி வருதே,
ஏன்?"

எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

பிள்ளைகள் போத்தலில் பிடிக்கலாம்,
துணியில் வடிக்கலாம், ஓடை வழியே ஏறிப் பார்க்கலாம்.
கண்டதை யாரிடம் சொல்வது?
துரையிடமா?
அதிபர் பேனையை மூடினார்.

'விடை' என்ற கட்டத்தை நிரப்பப் போனேன்.
"விடுங்க, அது தரம் ஏழுக்கு."

வெறுங்கட்டத்தோடு
கையொப்பத்துக்குப் போகிறது பாடக்குறிப்பு.
திங்கள் தெரியும்.