இரண்டு நொடி

ரீகாவில் மழை. இரவு ஒன்பது.
ஸ்காய்த்ரீதேயின் பழைய வானொலியில்
செல்லோ ஒன்று மூச்செடுக்கிறது.
இரண்டு நொடி கழித்து
அதே மூச்சு
தரைக்கு அடியிலிருந்து.

கீழ்வீட்டு விஸ்வால்டிஸின் வானொலி டிஜிட்டல்,
எதிலும் கொஞ்சம் பிந்தும்.
குழாய் ஒழுகிய தகராறில்
மூன்று வருஷமாய்ப் பேச்சில்லை.
படியில் எதிர்ப்பட்டால்
காலித் தபால்பெட்டிக்குள் எதையோ தேடுவான்.

ஒலியைக் கூட்டினாள்.
அவனும்.
ஷூபர்ட் எழுதாத எதிரொலியில்
மெதுநடை இடறி விழுந்தது.
சட்டென்று அணைத்தாள்.

அலமாரியில் அதே இசைக்கு ஒரு தட்டு உண்டு.
கீறல் விழுந்தது,
நாலாம் நிமிடத்தில் முள் மாட்டி
அரைத்த சுரத்தையே அரைக்கும்.
உறையிலிருந்து பாதி உருவினாள்.

பிறகு கம்பளத்தைச் சுருட்டி ஒதுக்கி
வெறும் பலகையில் காது வைத்துப் படுத்தாள்.
தெளிவாகத்தான் கேட்டது.
நடுவில் ஓர் இருமல்.
அரங்கத்தில் யாரோவா,
அவனா.