வெள்ளி, எட்டாம் பாடம்

கச்சேரியில் கிளார்க்கு வேலை கிடைக்காமல்
தெல்லிப்பழைப் பள்ளிக்கூடத்தில் கிளார்க்கானவன் நான்.
தை பிறந்தால் நேரசூசி கீறுவது என் பாடு.
ஒரு பெரிய மட்டை, ஓர் அடிமட்டம்,
பாடத்துக்கு நீல மை, வாத்தியாருக்குச் சிவப்பு.

கேத்திரகணிதம் காலையிலேயே வேண்டும் என்பார் நன்னித்தம்பி மாஸ்ரர்.
மத்தியானச் சோற்றுக்குப் பிறகு
எந்த முக்கோணமும் நிமிர்ந்து நிற்காதாம்.
சரித்திரத்துக்கு எந்த நேரமும் சரி,
ஆனால் பொன்னுச்சாமி மாஸ்ரர் பானிப்பட்டுக்குப் போனால்
மணி அடித்தாலும் திரும்பி வரமாட்டார்.
இரசாயனத்துக்குச் சேர்ந்தாற்போல் இரண்டு பாடம்.
கந்தகம் மணக்கும், பக்கத்து அறையில்
பிரார்த்தனை வைக்கக் கூடாது.
இவ்வளவும் தெரிந்துதான் கோடு கீறவேண்டும்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு தையில்
கொழும்பிலிருந்து சுற்றுநிருபம் வந்தது:
விஞ்ஞானம் இனித் தமிழில்.
அதே கிழமை லத்தீன் வகுப்பில் மிஞ்சியிருந்த இருவரில்
ஒருவன் வங்கிச் சோதனைக்குப் போய்விட்டான்.
மற்றவன் தனியே இருக்க வெட்கப்பட்டுப்
பௌதிகத்துக்கு மாறினான்.
"லத்தீனை எடுத்துவிடும்" என்றார் அதிபர்.
சவர அலகால் சுரண்டினேன், ஐந்து கட்டம்.
மட்டை அங்கே மெலிந்து,
வெளிச்சத்துக்குப் பிடித்தால் முற்றம் தெரிந்தது.

ஜெறமையா மாஸ்ரர் மட்டைக்கு முன்னால் வந்து நின்றார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார்.
தன் பெயரை விரலால் தேடினார்.
"நாலு நாள் இங்கிலிசு போட்டிருக்கு, சேர்."
"வெள்ளி?"
"வெள்ளி கடைசிப் பாடம் இன்னும்..."
"ஓம், ஓம்" என்றார், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர் தங்கரத்தினம் ரீச்சர்.
தாவரவியலை மெட்ராசில் ஆங்கிலத்தில் படித்து
எட்டு வருசம் ஆங்கிலத்திலேயே படிப்பித்தவர்.
இப்போது இராத்திரியில் விடுதிச் சுவருக்குத்
தமிழில் பாடம் எடுப்பதாகக் கேள்வி.
"எனக்குச் சொல் வேணும் மாஸ்ரர்.
அந்தப் பாடத்தை எனக்குத் தாரும்."

மூன்றாம் ஆளாகக் கூப்பிடாமலே வந்தவர் பண்டிதர் சோமாஸ்கந்தர்.
அவருக்கும் ஜெறமையாவுக்கும் ஒரு கதியால் தொடங்கிவைத்த வேலி வழக்கு
மல்லாகம் கோட்டில் அப்போதும் நடந்துகொண்டிருந்தது.
வெற்று வகுப்பின் முன் வாங்கில் இருந்தார்கள்,
இடையில் ரீச்சர்.
கட்டத்தில் நான் என்ன எழுதுவது?
'சொல்' என்று எழுதினேன், நீலத்தில்.
சிவப்புக்கு இடம் போதவில்லை.

ரீச்சர் ஒன்றை வாசிப்பார்.
ஜெறமையா அதைத் தோலுரித்து
உள்ளே கிடந்த லத்தீனை எடுத்து நீட்டுவார்.
பண்டிதர் மோந்து பார்ப்பார்.
"செல் எண்டால் சிற்றறை. ஒரு துறவி படுக்கிற அளவு."
"அறை சரிவராது. கன்னத்தில விழுந்தது போலக் கிடக்கு."
பாதி நாள் ஒரு சொல்லும் தேறாது.

ஒரு வெள்ளி, நியூக்ளியஸ்.
"கொட்டைக்குள்ள இருக்கிற பருப்பு" என்றார் ஜெறமையா.
பண்டிதர் எழுந்து போனார். கோபமாக்கும் என்றிருந்தோம்.
விடுதிக்குப் பின்னால் பனம்பாத்தி கிண்டிக்கொண்டிருந்தார்கள்.
முளைவிட்ட கொட்டை ஒன்றை வாங்கிவந்து
கத்தியால் பிளந்து மேசையில் வைத்தார்.
வெள்ளை வெளேரென்று, ஈரமாய்.
"பூரான்" என்றார்.
ரீச்சர் தோண்டித் தின்றபடியே எழுதிக்கொண்டார்.

மறுவருசம் அச்சடித்த சொற்பட்டியல் வந்தது.
அதில் 'கரு' என்றிருந்தது.
நல்ல சொல்தான். பண்டிதரே ஒத்துக்கொண்டார்,
இரண்டு நாள் கழித்து.
வெள்ளி எட்டாம் பாடத்தில் தேகாப்பியாசம் போட்டேன்.

அந்தத் தவணைச் சோதனையில் ஒரு பிள்ளை மட்டும்,
திலகமணி, கலத்தின் படம் கீறி
நடுவில் அம்புக்குறி இட்டுப்
பூரான் என்று எழுதியிருந்தாள்.
ரீச்சர் அதைச் சிவப்பால் வெட்டி,
பிறகு வெட்டியதை வெட்டி,
ஓரத்தில் அரை போட்டிருந்தார்.
கூட்டினால் முப்பத்துநாலரை. சித்தியடைய முப்பத்தைந்து.
என் பதிவேட்டில் அரைக்குக் கட்டம் இல்லை.
அரை வந்தால் விட்டுவிடு என்பது அதிபரின் உத்தரவு.

முப்பத்தைந்து என்று எழுதி
மை காயுமுன் ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினேன்.