அடியெடுத்துக் கொடுக்கும் குழி

முன்வாசலுக்கு மூன்று பூட்டு.
பக்கச் சுவரில் நாய் நுழைகிற ஓட்டை.
முதலில் நாய், அதன் பின்னால் சியாலா,
அவள் பின்னால்
வயிற்றை எக்கிக்கொண்டு நான்.

குத்தைசியிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்த ஊர்.
மாங்கனீசுத் தூசியில்
ஆறுகூடக் கறுப்பாய்த்தான் போகிறது.
மேலே, என்றைக்கோ மின்சாரம் நின்ற இடத்திலேயே
தொங்குகிறது ஒரு ரோப் கார் பெட்டி,
கதவு திறந்தபடி.

எங்களுக்கு இது பதினோராவது அரங்கம்.
கூரை விழுந்தது, கோழிப்பண்ணை ஆனது,
உள்ளே அத்தி முளைத்து பால்கனி வரை காய்த்தது,
ஆறு வருடத்தில் எல்லாம் பார்த்தாயிற்று.
எதையும் எடுப்பதில்லை என்று சத்தியம்.
அவள் ஒரே ஒருமுறை மீறினாள்:
பித்தளையில் ஒரு இருக்கை எண், பதினேழு.

சுரங்கத் தொழிலாளர் நாடக அரங்கம்.
அறுநூறு நாற்காலி. வெல்வெட்டை உரித்துப் போய்
யாரோ சோபா தைத்திருப்பார்கள்.
விதானத்தில் சுத்தியலோடு ஒரு பெண்;
முகத்தில் மட்டும் மழை இறங்கியிருக்கிறது.
மேடையில் புறா எச்சம், ஃப்ரிட்ஜின் கதவு,
ஒற்றைக் குழந்தைச் செருப்பு.

மேடை விளிம்பின் நட்டநடுவில்
ஆமை ஓட்டைக் கவிழ்த்தது போல ஒரு மரக்கூடு.
அதன் கீழே குழி.
வசனம் மறந்தவர்களுக்கு
அடியெடுத்துக் கொடுப்பவர் உட்கார்ந்த இடம்.

இறங்கினேன்.
முக்காலி இருந்தது. பல்பு இல்லாத ஹோல்டர்.
டார்ச் அடித்தால் பலகை முழுக்கப் பென்சில்:
“பிச்சிக்கோ, மூன்றாம் அங்கம். கதவைப் பார்த்தால் மறந்துவிடுவான்.”
“ம்செவினார் அழுதுகொண்டே இரண்டு வரி விழுங்குவாள். விட்டுவிடு.”
“தளபதிக்குக் காது மந்தம். உதட்டைக் காட்டு.”
பிறகு வெறும் கோடுகள், ஐந்தைந்தாய்.
எழுதியது ஆணா பெண்ணா தெரியவில்லை.
அவசரமில்லாத கை.

கூட்டின் சூட்சுமத்தைச் சியாலாதான் சொன்னாள்.
இங்கே பேசினால் மேடைக்குக் கேட்கும்,
சபைக்குக் கேட்காது.
“சோதித்துப் பார்த்துவிடுவோம்.”
ஏழாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள்,
கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு.
“ம், பேசு.”

வியாழக்கிழமை அவள் போலந்து போகிறாள்.
மீன் பதனிடும் ஆலை, இரவு ஷிப்ட், இரண்டு வருட ஒப்பந்தம்.
பேருந்தில் நாங்கள் அதைப் பேசவில்லை.
சூரியகாந்தி விதை கொறித்தோம்.

நான் பேசினேன்.
ஒரு நிமிடம் இருக்கும், கூடவும் இருக்கலாம்.
பதினோரு அரங்கிலும்
இருட்டில் அவள் கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டு
வெளிச்சம் வந்ததும் விட்டுவிட்டது ஏன் என்று.
நாக்கு ஓரிடத்திலும் தடுக்கவில்லை.
நானா என்று எனக்கே சந்தேகம்.

“ஒன்றுமே கேட்கவில்லை!”
அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.
“ஒரு எழுத்துக்கூட! என்ன தச்சன் பார்! என்ன சொன்னாய்?”
“ஒன்று இரண்டு மூன்று” என்றேன்.

எழுந்து வந்தாள். மேடையேறினாள்.
ஃப்ரிட்ஜ் கதவைத் தாண்டி
குழிக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.
“இங்கே கேட்கவேண்டும் இல்லையா,
அதையே திரும்பச் சொல்.”

அவள் பூட்ஸ் என் நெற்றிக்கு நேரே.
ஒரு நாடா அவிழ்ந்திருந்தது.
டார்ச் பலகையின் மூலையில் கிடந்தது,
அங்கே இரண்டு முறை அடிக்கோடிட்டு ஒரு வரி:
“தாமதித்தால் சபைக்குத் தெரிந்துவிடும். முன்னதாகக் கொடு.”

“ஒன்று” என்றேன்.
“கேட்கிறது. அப்புறம்?”
“நாடா அவிழ்ந்திருக்கிறது.”

குனிந்தாள். முகம் கூட்டுக்குள் வந்தது.
முடிச்சுப் போட்டாள், பிரித்தாள், மறுபடி போட்டாள்.
அப்புறமும் நிமிரவில்லை.
பிச்சிக்கோ கதவைப் பார்த்துவிட்டு
இந்தப் பக்கம் திரும்பும்போது
இப்படித்தான் பார்த்திருப்பான்.