முப்பத்தாறு அடி

கையைத் தூக்கு, மூச்சை விடு,
இரண்டுக்கும் நடுவில் கேட்டுவிட்டாள் தையல்காரி,
பல்லிடுக்கில் குண்டூசியோடு:
"பிறகென்ன, எப்ப கூப்பிடப்போறியள் மாப்பிளையை?"
முப்பத்திநாலரை என்று கொப்பியில் எழுதினாள்.
என் பதிலுக்கு அதில் கட்டம் இல்லை.

கிளிநொச்சியில் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்.
வங்கியில் டோக்கன் கிழிக்கிற பொடியன்.
மண்டபத்து முகாமையாளர்:
ஏசிக்குத் தனிக் காசு, ஜெனரேட்டருக்கு டீசல் உங்கட பாடு,
அதுசரி தங்கச்சி, அவருக்கு விசா எவ்வளவு காலம் எடுக்கும்?
நாள் குறித்துத் தந்த ஐயர்கூட
பஞ்சாங்கத்தை மூடிவிட்டு
நோர்வேயில் இப்போ குளிரோ என்றார்.

காலையில் பாண் ஓட்டோவின் பாட்டுக்கு எழும்புகிறேன்.
மின்சாரம் போகுமுன் தண்ணி மோட்டரைப் போடவேண்டும்.
யசோதினியின் ஸ்கூட்டியில் செம்மண் சேறு தெறிக்கத் தெறிக்க
கச்சேரிக்கு, நகைக்கடைக்கு, திரும்பக் கச்சேரிக்கு.
எனக்கு மணம் முடிக்கத் தடையேதும் இல்லை என்று
பேர்கன் நகரம் கையெழுத்திட்டுத் தந்த கடிதத்துக்கு
மூன்று பிரதி கேட்டார்கள்.
போட்டோப் பிரதிக் கடையில் மை முடிந்திருந்தது.

பிறந்த இடம் மல்லாவி என்று எழுதினேன்.
எழுதுவினைஞர் நிமிர்ந்து பார்த்தார்.
"உங்கட 'ற'னாவைக் கேட்டால் அப்பிடித் தெரியேல்லையே."
ஆறு வயதில் போனது.
றகரம் எந்த விமான நிலையத்தில் விழுந்ததோ.

நிமலரூபனுக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை.
இரணைமடுவின் கதவுகள் அவன் பொறுப்பு.
இரவில் வரும் குறுஞ்செய்தியில்
கண்ணே இல்லை, பொன்னே இல்லை:
"முப்பத்தஞ்சு அடி நாலு அங்குலம்."
அரை மணியில் இன்னொன்று:
"அஞ்சு அங்குலம். படுத்திட்டியோ?"

நான் வளர்ந்த ஊரில் மழையை யாரும் அளப்பதில்லை.
மழையில்லாத நாளைத்தான் எண்ணுவார்கள்,
அதற்கு ஒரு கை விரல் போதும்.
அந்த மழை கூரையில் பெய்து குழாயில் இறங்கிக்
கடலுக்குப் போய்விடும்.
அதை நம்பி ஒருவரும் விதைத்ததில்லை.

பொன்னுருக்குக்கு அவன் சேற்றுச் சப்பாத்தோடு வந்தான்.
படியில் கழற்றிக் கால் கழுவி
வேட்டியை அவசரமாகச் சுற்றி உட்கார்ந்தான்.
நாணயம் உருகிக் குண்டுமணியாய் உருண்டபோது
எல்லோரும் அதைப் பார்க்க
அவன் வானத்தைப் பார்த்தான்.
தேங்காய் உடைத்தார்கள், வீடியோக்காரன் இன்னொருதரம் உடைக்கச் சொன்னான்.
சோறு போடமுன்னம் போய்விட்டான்.

பலகாரம் சுட்ட அன்று விடாமல் கொட்டியது.
சீனி அரியதரம், பயற்றம் உருண்டை, கொஞ்சம் கருகிய முறுக்கு
ஒரு டிபன் பெட்டியில், பிளாஸ்கில் தேத்தண்ணி,
யசோதினியும் நானும் ஒரே மழைக்கோட்டுக்குள் அணைக்கட்டுக்கு.
தடைக்கம்பத்தில் நின்ற பொலிஸ்காரருக்கு
இரண்டு உருண்டை போனது.
இரண்டு கதவு திறந்திருந்தது.
வெள்ளை வெள்ளையாய், இரைச்சலாய்
குளம் தன்னைக் கொட்டிக்கொண்டிருந்தது.

அங்கே வைத்துத்தான் சொன்னேன்,
ஒருவரிடமும் சொல்லாததை:
நான் எடுத்தது ஒருவழி டிக்கெட்.
"என்ன?" காதில் கை வைத்தான்.
இன்னும் உரக்கச் சொன்னேன்.
"கேக்கேல்லை!"
சீனி காணுமோ எண்டு கேட்டனான் என்றேன்.
காணும், காணும் என்று தலையாட்டினான்,
நனைந்த முறுக்கைக் கடித்தபடி.

முகூர்த்தம் காலை ஆறு பன்னிரண்டு.
அங்கே இரவு ஒன்று நாற்பத்திரண்டு;
அப்பா கடைசி பஸ்ஸைக் கொண்டுபோய் விட்டுவிட்டு
டிப்போவில், சீருடையோடு, போனில் பார்ப்பார்.
அவருக்கும் இன்னும் சொல்லவில்லை.

இன்று பிளவுஸ் போட்டுப் பார்க்கப் போனேன்.
தோளில் சரி, இடுப்பில் சரி.
"அப்ப வெட்டிறன்," உள்விளிம்பில் கத்தரியை வைத்தாள்.
வெட்டாதேங்கோ அக்கா.
உள்ளுக்குத் துணி நல்லாக் கூட விடுங்கோ.
இங்கத்தைச் சோறு சாப்பிட்டுச் சாப்பிட்டு
வாற மாரிக்கும் நான் உதைப் போடவேணும்.

குண்டூசியை வாயிலிருந்து எடுத்தாள்.
முதல்தரம்.